டுடோரியல் போடுவது, விமர்சனம் வந்தால் நிமிர்ந்து பதில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகப் படம் திருத்தும் மென்பொருள்களைப் பற்றி டுடோரியல் எழுதியும் வீடியோ போட்டும் வருகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி "எப்படிச் செய்வது", மீதிப் பாதி "யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது". இந்த இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படியையும் செய்து பார்த்து, இது யாருக்கு, எந்த வெர்ஷனுக்கு என்று தெளிவாகச் சொல்லிப் போட்டவருக்கு விமர்சனம் வரும்போது பதற்றம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் எது தன் தவறு எது தன் தவறில்லை என்று அவருக்கே தெரியும். அதனால் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தத் துறையில் நிபுணர் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. போன மாதம் கற்றுக்கொண்டவருக்கு எங்கே தடுக்கும் என்று நன்றாக நினைவிருக்கும், இருபது வருடம் செய்தவருக்கு அது மறந்தே போயிருக்கும். 1990ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டு ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 120 தடவை தட்டியதில் சரியாகச் சொன்னது 3 தடவைதான். தட்டுபவருக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு வெறும் டக் டக் சத்தம். நன்றாகத் தெரிந்தவர் எழுதும் டுடோரியலில் நடப்பதும் இதேதான், தலைக்குள் ஓடுவதையெல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்துப் பாதியை விட்டுவிடுவார். உங்களுக்கு அந்தப் பாட்டு இன்னும் பழகவில்லை என்பது உங்களுக்குச் சாதகம்.

ஆனால் ஒன்று: தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது. "நான் இதை இரண்டு மாதமாகச் செய்கிறேன், என்னிடம் இருக்கும் கணினியில் இப்படி வேலை செய்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு "நீ யார் சொல்ல" என்று யாரும் கேட்க இடம் இருக்காது.

எந்தத் தலைப்பில் ஆரம்பிப்பது?

சமீபத்தில் நீங்களே தேடி அலைந்து, நாலைந்து இடத்தில் அரைகுறையாகக் கிடைத்து, கடைசியில் ஒருவழியாகச் செய்து முடித்த வேலை ஏதாவது இருக்கும். அதுதான் முதல் டுடோரியல். "படம் திருத்துவது எப்படி" என்பது பெரிய தலைப்பு, "படத்தின் பின்னணியை நீக்குவது எப்படி" என்பது போடக்கூடிய தலைப்பு.

டுடோரியல் என்றால் எல்லாவற்றையும் விளக்க வேண்டாமா?

வேண்டாம். டேனியேலே புரோசிடா என்பவர் தொழில்நுட்ப ஆவணங்களை நான்கு வகையாகப் பிரிப்பார்: கையைப் பிடித்துக் கற்றுத்தரும் டுடோரியல், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க உதவும் வழிகாட்டி, விவரம் பார்த்துக்கொள்ளும் குறிப்பேடு, ஏன் எதற்கு என்று பேசும் விளக்கம். இந்த நான்கையும் ஒன்றாகக் குழைத்துப் போட்டால் யாருக்கும் திருப்தி இருக்காது. என் அனுபவத்தில் "ரொம்ப நீளம்", "ஆழமாக இல்லை" என்று ஒரே டுடோரியலுக்கு எதிரெதிராக இரண்டு புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான். கற்றுக்கொள்ள வந்தவர் நடுவில் வரும் வரலாற்றுப் பாடத்தில் களைத்துப் போகிறார், விவரம் தேடி வந்தவருக்கு அந்த வரலாறு போதவில்லை.

டுடோரியல் என்று முடிவு செய்தால் ஒரு வழியை மட்டும் காட்டுங்கள், முடிவில் அவர் கையில் செய்து முடித்த ஒரு பொருள் இருக்கட்டும். "இதை இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்" என்பதெல்லாம் அப்புறம் வேறொரு பதிவில்.

எழுத்தா, வீடியோவா? எவ்வளவு நீளம்?

கை அசைவைப் பார்த்தால்தான் புரியும் என்றால் வீடியோ. காப்பி செய்து ஒட்ட வேண்டிய கட்டளைகளோ எண்களோ இருந்தால் எழுத்து. இரண்டும் வேண்டியிருந்தால் வீடியோவுக்குக் கீழே படிகளை எழுதிவிடுங்கள்.

நீளத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2014ல் ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர்களில் பாதிப் பேராவது சுமார் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அது பல்கலைக்கழகப் பாடங்களின் கதை, உங்கள் பார்வையாளர் கொஞ்சம் கூடுதலாகவே உட்காரலாம். ஆனாலும் 25 நிமிட வீடியோவை நான்கு துண்டாக்கினால் அவரவருக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொள்வார்கள். அதே ஆய்வில், ஸ்டுடியோவில் பெரும் செலவில் எடுத்தவற்றைவிட மேசை முன் உட்கார்ந்து ஒருவரிடம் பேசுவது போல எடுத்தவை நன்றாகவே கவனத்தைப் பிடித்தன. கேமரா சரியில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். காது கேளாதவர்களுக்கு மட்டுமல்லாமல் சத்தம் வைக்க முடியாத இடத்தில் பார்ப்பவர்களுக்கும் அது வேண்டும்.

கலைச்சொற்களைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் அப்படியே விடுவதா?

திரையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். அவர் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொருளைப் பக்கத்திலேயே தமிழில் ஒரு வரியில் சொன்னால் போதும். இதற்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு வரும், "ஏன் இவ்வளவு ஆங்கிலம்" என்று ஒருவர், "ஏன் தமிழ்ப்படுத்துகிறாய்" என்று இன்னொருவர். பார்ப்பவர் கை சரியான பொத்தானுக்குப் போகிறதா என்பது ஒன்றுதான் எனக்குக் கணக்கு.

வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வந்த விமர்சனத்தில் பெரும்பகுதி சோதனையில் பிடித்திருக்க வேண்டியவைதான்.

ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தின் பின்னணியை நீக்குவது பற்றி ஒரு டுடோரியல் போட்டேன். படத்தைத் திற, பின்னணியைத் தேர்ந்தெடு, டெலிட் அழுத்து, பின்னணி போய் அந்த இடத்தில் சாம்பல் கட்டம் தெரியும், அதுதான் ஒளிபுகும் பகுதி. நான் இதே வரிசையில் மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன். இரண்டாம் நாள் ஒருவர் எழுதினார்: "சும்மா ஏமாத்து வேலை, எனக்கு வெள்ளையாத்தான் வருது." எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூன்று முறை செய்து பார்த்திருக்கிறேனே!

அப்புறம் அவர் எந்த மாதிரிப் படத்தை வைத்துச் செய்தார் என்று கேட்டேன். ஜேபெக் படம். நான் மூன்று முறையும் செய்தது ஒரே பிஎன்ஜி படத்தில், அதில் ஒளிபுகும் தன்மையைத் தாங்கும் ஆல்ஃபா சேனல் ஏற்கனவே இருந்தது. ஜேபெக்கில் அது கிடையாது, அதனால் டெலிட் அழுத்தினால் பின்னணி நிறம் அந்த இடத்தை நிரப்பிவிடும், பெரும்பாலும் அது வெள்ளைதான். 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்பரன்சி', அதற்குள் 'ஆட் ஆல்ஃபா சேனல்' என்று ஒரு சொடுக்கு விட்டுப்போயிருக்கிறது. கடைசியில் படத்தை பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், மறுபடி ஜேபெக்காக வைத்தால் ஒளிபுகும் பகுதி நிற்காது என்பதையும் நான் சொல்லவில்லை. கேமராவிலோ போனிலோ எடுத்த படங்கள் பெரும்பாலும் ஜேபெக்தான், ஆக என் டுடோரியலைப் பார்த்த பலர் அதே இடத்தில் முட்டிக்கொண்டு பேசாமல் போயிருப்பார்கள். திட்டி எழுதிய அந்த ஒருவர்தான் திரும்பி வந்து சொன்னவர்.

அதிலிருந்து என் பழக்கம் இது. நான் தயாரித்து வைத்த கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒரு கோப்பை எடுத்து, நான் எழுதியதை மட்டும் வரி வரியாகப் படித்துச் செய்வேன். எழுதாத எதையும் கை செய்யக் கூடாது. அடுத்து, அந்த வேலை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து டுடோரியலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். இதுதான் கஷ்டம். அவர் மவுஸ் திரையில் சுற்றிச் சுற்றி வரும், "அதோ மேலே" என்று சொல்லத் துடிக்கும். சொன்னால் சோதனை கெட்டது. அவர் எங்கெல்லாம் நின்றாரோ அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கெல்லாம் ஒரு வரியோ படமோ சேர்க்கிறேன்.

எல்லாம் தயார், ஆனால் வெளியிட பயமாக இருக்கிறது.

முதலில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "எந்தப் படியில் நின்றீர்கள்? எதை இரண்டு தடவை படித்தீர்கள்?" என்று கேளுங்கள். அதைத் திருத்திவிட்டுத் தேதி, மென்பொருளின் வெர்ஷன், முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் மேலே எழுதி வெளியிடுங்கள். பயம் முழுதாகப் போகும்வரை காத்திருக்க வேண்டாம், எனக்கு இன்னும் வெளியிடும் பொத்தானை அழுத்தும்போது வயிற்றில் ஏதோ செய்யும்.

ஐம்பது பேர் நன்றி சொன்னாலும் ஒருவர் திட்டியதுதான் மனதில் நிற்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும் அப்படித்தான். ராய் பௌமைஸ்டரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2001ல் நிறைய உளவியல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கெட்டது மனதைத் தாக்கும் அளவுக்கு நல்லது தாக்குவதில்லை என்று எழுதினார்கள். மனம் அப்படி அமைந்திருக்கிறது, உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. இது தெரிந்தாலும் வலி போகாது, ஆனால் "எனக்குத் தைரியம் போதவில்லை" என்று கூடுதலாக ஒரு பாரத்தை ஏற்றிக்கொள்ளாமல் இருக்கலாம்.

சரி, மோசமான கமெண்ட் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே பதில் எழுதாதீர்கள். நான் ஒரு இரவு விடுகிறேன். மறுநாள் படிக்கும்போது அதில் இருக்கும் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைத் தேடுகிறேன்: இந்த ஆள் எந்தப் படியில் மாட்டிக்கொண்டார்? "ஏமாத்து வேலை" என்பது என்னைப் பற்றியது, "வெள்ளையாத்தான் வருது" என்பது மூன்றாவது படியைப் பற்றியது. இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னேன்: "நீங்கள் சொன்னது சரி, ஜேபெக் படத்தில் இந்த இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்துவிட்டு டெலிட் அழுத்துங்கள். பதிவிலும் சேர்த்துவிட்டேன்." அவர் முதல் வார்த்தையை நான் தொடவே இல்லை. அரை மணி நேரத்தில் "வந்துருச்சு, நன்றிங்க" என்று எழுதினார்.

எந்த இடம் என்றே சொல்லாத கமெண்டும் உண்டு. "குப்பை" என்று மட்டும் இருந்தால், ஒரே ஒரு முறை "எந்த இடத்தில் சரியாக வரவில்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்கிறேன். பதில் வந்தால் அது விமர்சனம், வராவிட்டால் விட்டுவிடுகிறேன்.

நான் சொன்னதே தவறு என்று நிரூபித்துவிட்டார்கள். அழித்துவிடலாமா?

ஆபத்தான தவறாக இருந்தால், அதாவது யாருடைய கோப்போ பணமோ உடம்போ கெட்டுப்போகும் என்றால், உடனே எடுத்துவிடுங்கள், திருத்திய பிறகு போட்டுக்கொள்ளலாம். மற்றபடி அழிக்காதீர்கள். எழுத்து என்றால் திருத்தி, என்ன மாற்றினேன் என்று தேதியோடு மேலேயே ஒரு வரி போடுங்கள். வீடியோ என்றால் விவரப் பகுதியின் முதல் வரியிலும் மேலே பின் செய்த கமெண்டிலும் திருத்தம் இருக்கட்டும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கணினி அறிவியலில் டொனால்ட் க்னூத் எவ்வளவு பெரிய பெயர் என்று அந்தத் துறைக்காரர்களுக்குத் தெரியும். தன் புத்தகங்களில் பிழை ஒன்றை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு அவர் 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பி வந்தார். பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் 256ஐ 100 என்று எழுதுவார்கள், ஆக 256 சென்ட் என்பது அந்த முறையில் ஒரு டாலர். வாங்கியவர்கள் பலர் அதை வங்கியில் போடாமல் ஃபிரேம் போட்டு வைத்துக்கொண்டார்கள். தன் பிழையை ஊரறிய ஒப்புக்கொண்டதால் அவர் பெயர் எந்த விதத்திலும் குறையவில்லை, அவர் புத்தகத்தை நம்பலாம் என்பதற்கு அந்தக் காசோலையே ஒரு காரணம் ஆயிற்று.

விமர்சனம் செய்தவர்தான் தவறு. எப்படிச் சொல்வது?

நேராகச் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழைந்து போவதைப் பார்க்கிறேன். "மன்னிக்கவும், நான் தவறாகவும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாதது இல்லை" என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் சரியான தகவலைச் சொன்னால் அடுத்துப் படிக்கிறவர் குழம்பிப் போவார், உங்கள் டுடோரியலை நம்பி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது அநியாயம். "இந்த வெர்ஷனில் சோதித்தேன், இந்த முடிவு வந்தது, இதோ ஸ்கிரீன்ஷாட். உங்களுக்கு வேறு மாதிரி வந்தால் வெர்ஷனைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்" என்பது போதும். மரியாதையும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே செய்து பார்த்திருந்தால்தான் இப்படி எழுத வரும், சோதனையைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசியது இதற்காகத்தான்.

அவர் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாவது பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது பதிலால் யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.

"இதைவிட எளிய வழி இருக்கே" என்று எப்போதும் ஒருவர் வருகிறார்.

இருக்கலாம். செய்து பாருங்கள், நன்றாக இருந்தால் அவர் வழியையும் குறிப்பிடுங்கள். உங்கள் வழிக்குக் காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். புதிதாகக் கற்பவருக்கு ஷார்ட்கட் சாவிகளைவிட மெனு வழி நினைவில் நிற்கும் என்று நான் வேண்டுமென்றே நீண்ட வழியைக் காட்டுவதுண்டு.

என் குரல், முகம், உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார்கள்.

குரல் தெளிவாகக் கேட்கவில்லை, வேகமாகப் பேசுகிறீர்கள் என்பது விமர்சனம், எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது எதுவும் விமர்சனம் கிடையாது. பதில் சொல்லவோ காரணம் சொல்லவோ வேண்டியதில்லை, மறைத்துவிடுங்கள், பிளாக் செய்யுங்கள். உங்கள் இடத்தில் யார் பேசலாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு, இதைச் செய்தால் விமர்சனத்துக்குப் பயந்தவர் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்காதீர்கள். மிரட்டல் என்றால் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு தளத்துக்குப் புகார் செய்யுங்கள், நெருங்கிய ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

டிஸ்லைக் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டுமா?

யூடியூப் 2021 நவம்பரில் அதை மற்றவர்களிடமிருந்து மறைத்துவிட்டது, போட்டவருக்கு மட்டும் தெரியும். நான் பார்ப்பதில்லை. எந்த நிமிடத்தில் ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்ற வரைபடத்தைப் பார்க்கிறேன், அது ஒரு இடத்தைக் காட்டுகிறது.

என் டுடோரியலை எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டார்கள்.

ஒரு செய்முறை யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்கள் எழுதிய எழுத்தும் எடுத்த படமும் உங்களுடையவை. அதே வேலையை அவர் தன் சொற்களில் எழுதினால் விட்டுவிடுங்கள். உங்கள் வரிகளும் படங்களும் அப்படியே இருந்தால் முதலில் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள், அவர் எடுக்க மறுத்தால் தளத்தில் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தட்டும், பெயர் மட்டும் போட்டால் போதும் என்று நினைத்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002லிருந்தே இருக்கின்றன, அதில் 'அட்ரிபியூஷன்' என்பது இதற்கே உள்ளது. என் எழுத்து டுடோரியல்கள் எல்லாம் அந்த உரிமத்தில்தான் இருக்கின்றன.

நான் மற்றவர் டுடோரியலில் குறை சொல்ல வேண்டுமென்றால்?

1996ல் அவ்ரஹாம் குளுகரும் ஏஞ்சலோ டெனிசியும் 600க்கு மேற்பட்ட ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொன்னதால் சராசரியாகச் செயல்திறன் கூடினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் குறையவே செய்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் போகப் போக, பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அதனால் "உங்களுக்கு விளக்கத் தெரியவில்லை" என்று எழுதாமல் "நான்காவது படியில் எந்த மெனு என்று தெரியாமல் நின்றுவிட்டேன், எனக்கு இருப்பது இந்த வெர்ஷன்" என்று எழுதுங்கள். உங்களுக்கு எப்படிப்பட்ட கமெண்ட் வந்தால் உடனே திருத்த முடியுமோ அப்படியே எழுதுங்கள்.

பழைய டுடோரியல்களை என்ன செய்வது?

வருடத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். 2012ல் ஜிம்ப் 2.8 வந்தபோது 'சேவ்' என்பது அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்துக்கு மட்டும் என்றாகி, ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் 'எக்ஸ்போர்ட்' என்று தனியாகப் போனது. அதற்கு முன் எழுதிய டுடோரியல்களின் கடைசிப் படி ஒரே நாளில் பொய்யாகிப் போனது, எழுதியவர்கள் மேல் தவறு இல்லாமலே. தேதியும் வெர்ஷனும் மேலே இருந்தவை தப்பித்தன. ஓட்டிப் பார்க்க நேரமில்லாதவற்றின் மேல் "இது இந்த வெர்ஷனுக்கு எழுதியது" என்று ஒரு வரி போடுங்கள். பின்னணி நீக்கும் என் பழைய பதிவை 2025ல் ஜிம்ப் 3.0 வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்தேன், இந்தத் தடவை போனில் எடுத்த ஜேபெக் படத்தை வைத்து.